மருந்து போடாத பாத்தி

ஆவணி மாதம். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலங்களில் மானாவாரி நிலக்கடலை பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கிற நேரம். நேற்றுவரை பச்சையாக இருந்த கொல்லையில் இன்று நாலைந்து செடிகள் தலை தொங்கி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைப்போம். இரண்டு நாளில் நல்ல மழையே பெய்தாலும் அந்தச் செடிகள் நிமிராது. அடுத்த வாரம் அதே வரிசையில் இன்னும் பத்துச் செடிகள் வாடும்.

வாடிய செடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வேரழுகல் நோய் என்றால் வேர் கறுத்து, பட்டை நார் நாராக உரிந்திருக்கும். கறையான் என்றால் தண்டுக்குள் குடைந்து மண் நிரப்பியிருக்கும். இந்த இரண்டும் இல்லாமல், செடி எந்த எதிர்ப்பும் காட்டாமல் கையோடு வந்து, ஆணிவேர் கத்தரித்ததுபோல் அறுந்திருந்தால், செடி நின்ற இடத்தில் அரை அடி தோண்டுங்கள். கட்டிகளை உடைத்தால் ஒரு புழு விழும். கட்டைவிரல் பருமன், பால் வெள்ளை நிறம், பழுப்புத் தலை, தலையை ஒட்டி மூன்று ஜோடிக் கால்கள். தரையில் போட்டால் பிறைபோல் சுருண்டு படுத்துக்கொள்ளும். அதன் பின்பகுதி மட்டும் கருநீலமாகத் தெரியும். தோல் அவ்வளவு மெல்லியது. அது தின்ற மண்ணும் வேரும்தான் உள்ளிருந்து தெரிகின்றன.

இதுதான் வேர்ப்புழு. வெள்ளைப்புழு என்றும் சொல்வார்கள். இதை எப்படிக் கொல்வது என்ற கேள்விக்குக் கடைத்தெருவில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அந்தப் பதில்களில் எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். வேடிக்கையான செய்தி, அந்த வழியை மிகக் கவனமாக வளர்த்தெடுத்தவர்களில் ஒரு சாரார், விளையாட்டுத் திடலின் புல்லைக் காப்பாற்றப் போராடியவர்கள்.

வேப்பமரத்தில் தொடங்கும் கதை

இந்தப் பகுதி மக்கள் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்ற சொல் பேச்சில் தேய்ந்து அப்படி ஆனது. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் மல்லாட்டை, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போன காலம் உண்டு. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகம் நாடெங்கும் பல பத்தாண்டுகள் பயிரானது. 1967-இல் வந்த டி.எம்.வி. 7 ரகமும் பெயர் பெற்றது. அந்த மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தைக் குறிப்பவை. 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. மல்லாட்டையும் முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குப் போகும் கரும்பும் இதன் முக்கியப் பயிர்களாயின. வேர்ப்புழுவுக்கு இந்த இரண்டு பயிர்களும் பிடிக்கும்.

தென்னிந்தியாவில் இந்தச் சேதத்தைச் செய்பவற்றில் முதன்மையானது ஹோலோட்ரைக்கியா செர்ரேட்டா என்ற வண்டின் புழு. அதன் வாழ்க்கை ஓராண்டுச் சக்கரம். சித்திரை, வைகாசியில் முதல் கோடை மழை மண்ணை நனைத்ததும், பூமிக்குள் அடங்கிக் கிடந்த பழுப்பு வண்டுகள் பொழுது சாய்ந்த பிறகு வெளியே கிளம்பும். நேராக வேப்பமரம், முருங்கை, கருவேலம் என்று அருகில் உள்ள மரங்களுக்குப் பறக்கும். இரவு முழுக்க இலை தின்று, இணை சேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பும். பெண் வண்டுகள் பக்கத்து மண்ணில் முட்டையிடும். ஏறக்குறையப் பத்து நாளில் பொரிக்கும் புழு அரிசி அளவுதான் இருக்கும். மட்கிய குப்பையையும் மெல்லிய வேர்களையும் தின்னும். இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் பருவம் அடைந்ததும் அதன் பசி பெருகும். ஆவணியில் நம் கையில் விழுவது இந்த மூன்றாம் பருவப் புழு. பிறகு ஆழத்தில் போய்க் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த கோடை மழைக்காகக் காத்திருக்கும்.

இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டு மரத்துக்குப் போகிறது. அதனால் மரத்தை ஒட்டிய மண்ணில் முட்டை அதிகம். புழு சிறிதாக இருக்கும் காலமும் அது சேதம் செய்யும் காலமும் வேறு வேறு. மருந்துச் சோதனையில் மனிதர்கள் செய்த தவறுகளில் பாதி, இந்த இரண்டையும் மறந்ததால் வந்தவை.

நியூ ஜெர்சியில் ஒரு வண்டு

1916-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிவர்ட்டன் என்ற ஊருக்கு அருகே ஒரு செடிப் பண்ணையில், பச்சைத் தலையும் செம்புச் சிறகும் கொண்ட சில வண்டுகள் அகப்பட்டன. ஜப்பானிலிருந்து வந்த செடிகளின் வேர்மண்ணோடு புழுவாகக் கப்பலேறி வந்திருக்க வேண்டும். சொந்த நாட்டில் அதை அடக்கி வைத்த எதிரிகள் புதிய நாட்டில் இல்லை. புல்தரைகள் ஏராளமாக இருந்தன. புல்லின் வேர் அந்தப் புழுவுக்கு விருப்ப உணவு. சில பத்தாண்டுகளில் அந்த ஜப்பான் வண்டு அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுக்கப் பரவியது.

கோல்ஃப் திடலில் புல் சீராக இருந்தால்தான் பந்து சீராக உருளும். புழு வேரைத் தின்ற இடத்தில் புல்லை ஜமுக்காளம்போல் சுருட்டி எடுத்துவிடலாம். போதாக்குறைக்கு, புழுவைத் தேடிப் பறவைகளும் விலங்குகளும் கிளறிக் குழியாக்கும். திடல்காரர்களிடம் பணம் இருந்தது; அரசு ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும் இறங்கின. நூறு ஆண்டுகளாக அங்கே மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்பட்டு வந்திருக்கின்றன.

முதலில் ஈய ஆர்சனேட். புழு செத்தது, ஈயமும் ஆர்சனிக்கும் மண்ணிலேயே தங்கிவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளோர்டேன் வந்தது. ஒருமுறை போட்டால் பல ஆண்டுகள் வேலை செய்தது என்று கொண்டாடினார்கள். 1970-களில் குளோர்டேனுக்குச் சாகாத புழுக்கள் தலையெடுத்தன. 1988-இல் அமெரிக்காவில் அதன் விற்பனையே நின்றது. அடுத்து பாஸ்பரஸ் வகை மருந்துகள். அவற்றில் ஐசோஃபென்ஃபாஸ் போன்ற சிலவற்றைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டபோது புதிய சிக்கல் ஒன்று வெளிப்பட்டது: மண்ணில் இருந்த பாக்டீரியாக்கள் அந்த மருந்தையே உணவாக்கப் பழகிக்கொண்டன. மருந்து புழுவைச் சேருமுன்பே சிதைந்துபோனது. 1990-களில் இமிடாகுளோப்ரிட், 2008 வாக்கில் குளோரான்ட்ரானிலிப்ரோல் என்று பட்டியல் நீண்டது.

இந்தப் பட்டியலில் உள்ள மருந்துகள் வரும், போகும். அவற்றைச் சோதித்த முறை நிலைத்து நின்றது. அந்த முறைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. மண்வெட்டி, முளைக்குச்சி, கயிறு, ஒரு கோணிப்பை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மரத்தடிப் பாத்தியும் மேட்டுப் பாத்தியும்

ஒரு கொல்லையை மனத்தில் வரைந்துகொள்வோம். கிழக்கு வரப்பில் ஒரு பெரிய வேப்பமரம். மேற்கே போகப் போக வெட்டவெளி. மருந்தைச் சோதிக்க விரும்பும் விவசாயி, கொல்லையை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதிக்கு மருந்து போடுகிறார். கிழக்குப் பாதியைச் சும்மா விடுகிறார். ஒரு மாதம் கழித்து எண்ணினால் மேற்கே புழு குறைவு, கிழக்கே அதிகம். மருந்து வேலை செய்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்வார். மருந்துக்குப் பதிலாக வெறும் மணலைத் தூவியிருந்தாலும் அவருக்கு அதே முடிவுதான் கிடைத்திருக்கும். கிழக்கே மரம் நிற்கிறது. முட்டை அங்கேதான் அதிகம்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் ரொனால்ட் ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த கணித அறிஞர் அவர். ஒரே வயலிலும் இரண்டு இடங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதைக் குறைபாடாக எண்ணி ஒதுக்காமல், அதையே கணக்கில் சேர்க்கும் வழியைக் கண்டார். 1935-இல் வெளிவந்த அவருடைய சோதனை வடிவமைப்பு நூல் உலகெங்கும் வேளாண் ஆய்வுக்கு அடிப்படையானது. 1931-இல் மஹலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வழியாக இந்த எண்ணம் நம் நாட்டு ஆய்வு நிலையங்களிலும் வேரூன்றியது.

நம் கொல்லைக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். மரத்திலிருந்து விலகும் திசையில் நிலத்தை நான்கு பட்டைகளாகப் பிரியுங்கள்: மரத்தை ஒட்டியது முதல் பட்டை, கடைசியில் இருப்பது நான்காவது. ஒவ்வொரு பட்டைக்குள்ளும் புழுவின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பட்டையையும் மூன்று பாத்திகளாக்குங்கள். ஒன்றுக்கு முதல் மருந்து, ஒன்றுக்கு இரண்டாவது மருந்து, ஒன்றுக்கு எதுவும் இல்லை. எந்தப் பாத்திக்கு எது என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. மூன்று துண்டுச் சீட்டில் எழுதி, குலுக்கி, எடுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் புதிதாகக் குலுக்க வேண்டும். இப்போது எல்லா மருந்துக்கும் ஒரு மரத்தடிப் பாத்தியும் கிடைக்கும், ஒரு வெட்டவெளிப் பாத்தியும் கிடைக்கும். வேப்பமரத்தின் செல்வாக்கு எல்லாருக்கும் பொதுவாகிவிடும்.

குலுக்கல் எதற்கு என்று கேட்கலாம். நம் கை நம்மை அறியாமலே நல்ல பாத்தியைப் புதிய மருந்துக்குக் கொடுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மருந்து ஜெயிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? சீட்டுக்கு அந்த ஆசை கிடையாது.

கோல்ஃப் திடலிலும் இதேதான் நடக்கிறது. புல்தரையைச் சிறு சிறு சதுரங்களாகக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். மருந்து தெளித்து, சில வாரங்கள் கழித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் அடிச் சதுரப் புல்லை மூன்று பக்கம் வெட்டிப் பாய்போல் திருப்பிப் போட்டு, மண்ணைக் கிளறிப் புழுக்களை எண்ணுவார்கள். திடலில் குழி போடுவதற்கென்றே உள்ள, நாலேகால் அங்குல விட்டம் கொண்ட உருளைக் கத்தியால் மண்ணை எடுத்து எண்ணுவதும் உண்டு. எண்ணி முடித்ததும் மண்ணைப் பழையபடி வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டால் புல் பிழைத்துக்கொள்ளும்.

கழித்துப் பார்க்கும் கணக்கு

மருந்து போடாத பாத்தி எதற்கு? அங்கே போகும் மல்லாட்டை நஷ்டம்தானே? இந்தக் கேள்விக்கு 1925-இல் டபிள்யூ. எஸ். அபட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் சிறு கட்டுரை ஒன்றில் பதில் எழுதினார். பூச்சிக்கொல்லி ஆய்வு செய்யும் மாணவர்கள் இன்றும் முதலில் படிப்பது அதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மருந்து போடும் முன் ஒவ்வொரு பாத்தியிலும் 20 புழுக்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒன்று கழித்து, முதல் மருந்து போட்ட பாத்தியில் 3 புழுக்கள். இரண்டாவது மருந்தில் 10. இதை மட்டும் பார்த்தால் முதல் மருந்து 100-க்கு 85 புழுவைக் கொன்றது, இரண்டாவது சரிபாதியைக் கொன்றது என்று தோன்றும். பாதியாவது போயிற்றே, விலையும் மலிவு, அதையே வாங்கலாம் என்று முடிவு செய்வோம்.

இப்போது மருந்து போடாத பாத்தியைத் தோண்டுகிறோம். அங்கே 12 புழுக்கள். எட்டுப் புழுக்கள் தாமாகவே காணாமல் போயிருக்கின்றன. எறும்பு தின்றிருக்கும், காக்கை கொத்தியிருக்கும், நோய் வந்திருக்கும், மண் காய்ந்து செத்திருக்கும். மருந்தில்லாமலே 12-தான் மிஞ்சும் என்றால், ஒரு மருந்தின் உண்மையான வேலை அந்த 12-ஐ எவ்வளவு குறைத்தது என்பதே. முதல் மருந்து 12-ஐ 3 ஆக்கியது: 12-இல் 9, அதாவது 100-க்கு 75. இரண்டாவது மருந்து 12-ஐ 10 ஆக்கியது: 12-இல் 2, அதாவது 100-க்கு 17 கூட இல்லை. சரிபாதி என்று நினைத்த மருந்தின் கதை இவ்வளவுதான். எறும்பும் காக்கையும் செய்த வேலைக்கு மருந்துக் கம்பெனிக்குப் பணம் கட்டியிருப்போம்.

மருந்து போடாத பாத்தி இல்லாமல் போயிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. எந்த ஊருக்குப் போனாலும் விவசாயிகள் கேட்கும் ஒரு நியாயமான கேள்வி உண்டு: “ஏன் தம்பி, அந்த நாலு சாலை மட்டும் விட்டுட்டா, அதுல இருக்கிற புழு பக்கத்துப் பாத்திக்கு வராதா?” வரும். வேர்ப்புழு ஒரு செடியைத் தீர்த்ததும் வரிசையோடு நகர்ந்து அடுத்த செடிக்குப் போகும். ஆனால் அது நகரும் தூரம் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு பாத்தியிலும் ஓரத்து இரண்டு வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல், நடுவில் உள்ள செடிகளை மட்டும் எண்ண வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

எத்தனை குழி தோண்டுவது

புல்தரை ஓர் அடிச் சதுரத்துக்கு ஆறு முதல் பத்துப் புழு வரை தாங்கும். தண்ணீர் விட்டால் புல் புதிது புதிதாக வேர் விடும். மல்லாட்டைக்கு அந்த வசதி இல்லை. ஆணிவேர் அறுந்தால் செடி போனதுதான். அதனால் நிலக்கடலையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு புழு என்றாலே எச்சரிக்கை எல்லை என்று கொள்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 11 சதுர அடி.

இந்த எண்ணுக்குள் ஒரு பொறி இருக்கிறது. 11 சதுர அடிக்கு ஒரு புழு இருக்கும் கொல்லையில் ஓர் அடிச் சதுரக் குழி ஒன்று தோண்டினால், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பத்து இடத்தில் தோண்டினாலும், பத்துக் குழியும் வெறுமையாக இருப்பதற்கு ஏறக்குறைய பத்தில் நான்கு வாய்ப்பு உண்டு. “தோண்டிப் பார்த்தேன், புழுவே இல்லை” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. போதுமான அளவு தோண்டவில்லை, அவ்வளவுதான். புழு மரத்தடியில் கும்பலாக இருப்பதால் நிலைமை இன்னும் மோசம். கொல்லையின் ஒரே மூலையில் தோண்டியவர் ஒன்று மிகவும் பயப்படுவார், அல்லது பயப்படவே மாட்டார்.

ஆகவே நிலக்கடலைச் சோதனைகளில் புழுவை எண்ணுவதோடு செடியையும் எண்ணுகிறார்கள். முளைத்த செடிகள் எத்தனை, அவற்றில் வேர் அறுந்து வாடியவை எத்தனை என்று வாரம் ஒருமுறை குறித்து வைப்பார்கள். மண்ணுக்குள் மறைந்திருக்கும் புழுவைவிட மேலே வாடும் செடி கண்ணுக்குத் தப்பாது. கடைசியில் அறுவடையன்று, நடு வரிசைகளின் காயை உலர்த்தி எடை போட்டால் சோதனை முழுமை பெறும். மருந்து புழுவைக் கொன்றும் காய் எடை கூடவில்லை என்றால், அந்தக் கொல்லைக்கு அந்த மருந்தே தேவைப்படவில்லை.

எண்ணுபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எருக்குழியில் நெளியும் பெரிய வெள்ளைப் புழு காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அது மட்கிய எருவைத் தின்பது. மல்லாட்டை வேருக்கு அதனால் ஆபத்தில்லை. இனங்களைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. புழுவைத் திருப்பி, கடைசிக் கணுவின் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். குட்டை மயிர்கள் வரிசை கட்டி நிற்கும். ஜப்பான் வண்டின் புழுவுக்கு அவை கவட்டை வடிவில் விரிந்திருக்கும். வேறு இனங்களில் பல்லிணைச் சங்கிலிபோல் இரு நேர் வரிசைகளாக இருக்கும். கோல்ஃப் திடல் காவலரும் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானியும் புழுவை அடையாளம் காண்பது இந்த மயிர் வரிசையைப் பார்த்துத்தான்.

எப்போது, எவ்வளவு ஆழம்

நல்ல மருந்தும் இரண்டு காரணங்களால் தோற்கும். முதலாவது, நேரம். அரிசி அளவுள்ள முதல் பருவப் புழு சிறிதளவு மருந்துக்கே சாகும். மூன்றாம் பருவப் புழுவின் உடல் அதைவிடப் பல மடங்கு பெரிது. அதே அளவு மருந்து அதை ஒன்றும் செய்யாது. செடி வாடுவதைப் பார்த்து ஆவணியில் கடைக்கு ஓடுபவர், மருந்து மிகக் குறைவாக வேலை செய்யும் காலத்தில் மிக அதிகமாக வாங்குகிறார். சோதனைகள் காட்டும் சரியான நேரம் முதல் கோடை மழையிலிருந்து தொடங்குகிறது: வண்டு கிளம்பிய நாளைக் குறித்து வைத்தால், முட்டை பொரித்து இளம்புழு இருக்கும் வாரங்களைக் கணக்கிட்டுவிடலாம். விதை நேர்த்தி பலன் தருவதும் இதனால்தான். விதையோடு போன மருந்து, இளம்புழு வேரைத் தேடி வரும்போது வேரருகிலேயே இருக்கிறது.

இரண்டாவது, ஆழம். புழு வேரடியில் இருக்கிறது. தெளித்த மருந்து மேல்மண்ணில் நின்றுவிடுகிறது. புல்தரையில் காய்ந்த புல் மெத்தைபோல் படிந்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தெளித்த உடனே தண்ணீர் பாய்ச்சிக் கீழே இறக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மானாவாரிக் கொல்லையில் பாய்ச்சத் தண்ணீர் கிடையாது. கோல்ஃப் திடலில் நல்ல பலன் தந்த மருந்து திண்டிவனம் பக்கத்து மயிலம் மேட்டு நிலத்திலும் அதே பலனைத் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தந்த மண்ணில், அந்தந்த மழையில் சோதிக்கத்தான் திண்டிவனம் போன்ற இடங்களில் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன.

வேறு எதையெல்லாம் கொன்றது

1984-இல் நியூயார்க்கின் லாங் தீவில் ஒரு கோல்ஃப் திடலில், டயாசினான் என்ற மருந்து தெளித்த புல்லை மேய்ந்த பிராண்ட் என்னும் கடல்வாத்துகள் சுமார் 700 செத்து விழுந்தன. வடதுருவப் பகுதியிலிருந்து குளிர்காலம் கழிக்க வந்த பறவைகள் அவை. புழுவைக் கொல்லும் சோதனையில் டயாசினான் தேறியிருந்தது. அந்தச் சோதனையில் வாத்துகளை யாரும் எண்ணவில்லை. பிறகு கோல்ஃப் திடல்களிலும் புல் பண்ணைகளிலும் அந்த மருந்துக்குத் தடை வந்தது.

நம் ஊரின் பட்டியலும் சிறியதல்ல. மல்லாட்டைக் கொல்லைகளில் மூட்டை மூட்டையாகத் தூவிய பி.எச்.சி. தூளை இந்திய அரசு 1997-இல் தடை செய்தது. அது மண்ணிலும் பாலிலும் தங்கும் நஞ்சு. அதன் பிறகு வேர்ப்புழுவுக்குப் பலரும் நாடிய ஃபோரேட் குருணை, உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடிய நஞ்சு என்று முதல் வரிசையில் வைத்திருந்த மருந்து. கையுறைகூட இல்லாமல் அதைத் தூவியவர்கள் நம் பெற்றோர் தலைமுறையில் ஏராளம். 2018-இல் வந்த அரசாணைப்படி 2020 டிசம்பர் 31-உடன் அதன் பயன்பாடும் முடிந்தது. இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளைத் தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது.

ஆகவே சோதனைப் பாத்தியில் எண்ண வேண்டியவை இன்னும் உண்டு. மண்ணைக் கோணிப்பையில் கொட்டிப் புழுவை எண்ணும்போதே மண்புழுவையும் எண்ணுங்கள். அதற்கு இன்னொரு குழி தோண்ட வேண்டியதில்லை.

பச்சைப் பூஞ்சையும் செங்கல் நிறப் புழுவும்

1879-இல் கருங்கடல் கரையில் உள்ள ஒடெஸ்ஸா நகரை ஒட்டிய கோதுமை வயல்களில் வேர்ப்புழு இனத்தைச் சேர்ந்த ஒரு வண்டு பெரும் சேதம் செய்தது. உயிரியலாளர் எலி மெச்னிகோஃப், செத்துக் கிடந்த சில புழுக்களின் மேல் பச்சைத் தூள் படிந்திருப்பதைப் பார்த்தார். அது ஒரு பூஞ்சை. அதைத் தனியே வளர்த்து மற்றப் புழுக்களுக்கும் நோய் உண்டாக்கலாம் என்று காட்டினார். பிற்காலத்தில் மனித உடலின் நோய் எதிர்ப்புப் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரேதான். அந்தப் பூஞ்சை இன்று மெட்டாரைசியம் என்ற பெயரில் நம் வேளாண் கடைகளில் கிடைக்கிறது. மட்கிய தொழு உரத்தோடு கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு இட வேண்டும்.

இன்னொரு துணைவன் தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே வந்தவன். கோயம்புத்தூரில் கிடைத்த ஒரு நுண்ணிய நூற்புழுவுக்கு 1992-இல் போய்னர், கருணாகர், டேவிட் ஆகிய விஞ்ஞானிகள் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்று பெயரிட்டார்கள். இந்தியாவின் பெயரைத் தாங்கிய அந்த நூற்புழு வேர்ப்புழுவின் உடலுக்குள் நுழைந்து, தன் வயிற்றில் சுமந்துவரும் பாக்டீரியாவை வெளியே விடும். இரண்டு நாளில் வேர்ப்புழு செத்து, உடல் செங்கல் நிறமாக மாறும். மண்ணைத் தோண்டும்போது அந்த நிறத்தில் ஒரு புழு கிடைத்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. இன்று உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில் இந்த நூற்புழு காணப்படுகிறது. வேர்ப்புழுவுக்கு எதிராகத் தூள் வடிவிலும் தயாராகிறது.

உயிர் மருந்து என்பதற்காக இவற்றுக்குச் சலுகை கொடுத்துவிடக் கூடாது. இவையும் குலுக்கிப் போட்ட பாத்தியில், மருந்து போடாத பாத்தியின் பக்கத்தில் நின்று தேற வேண்டும். மண் காய்ந்தால் இவை தோற்கும் என்பதும் அப்படிச் சோதித்துத்தான் தெரிந்தது. அதேபோல் நம் முன்னோர் செய்த கோடை உழவையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆழ உழுதால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவும் வண்டும் மேலே வருகின்றன. கொக்கும் மைனாவும் காக்கையும் ஏருக்குப் பின்னாலேயே நடந்து கொத்துகின்றன. முதல் மழை பெய்த இரவுகளில் வேப்பங்கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவதும் பலன் தரும் வழி. ஒரு பெண் வண்டு போனால் அது இடவிருந்த முட்டைகள் அத்தனையும் போகும். இதை ஒருவர் மட்டும் செய்தால் போதாது. பக்கத்துக் கொல்லைக்காரரின் மரத்திலும் அதே இரவில் செய்ய வேண்டும்.

உங்கள் கொல்லையில்

இந்த நூலைப் படிக்கும் எல்லாரிடமும் நிலம் இருக்காது. நிலம் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வேர்ப்புழுவுக்கு ஏதாவது ஒன்றைப் போடும்போது, அது ரசாயனமோ பூஞ்சையோ பக்கத்து வீட்டார் சொன்ன கைமருந்தோ எதுவானாலும், கொல்லையில் நாலைந்து இடங்களில் நான்கு வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள். சீட்டுக் குலுக்கி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடியுங்கள். வாரம் ஒருநாள் வாடிய செடிகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். அறுவடையன்று அந்த வரிசைகளின் காயைத் தனியே உலர்த்தி, மருந்து போட்ட அதே அளவு வரிசைகளின் காயோடு எடை போடுங்கள்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்துக்கோ, அங்கே உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். “எந்த மருந்து நல்லது?” என்று வெறுங்கையோடு கேட்பவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். எண்களோடு போகிறவருக்கு அவர் கொல்லைக்கான பதில் கிடைக்கும். விடப்போவது நான்கு வரிசை. அது சொல்லும் உண்மை, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உங்கள் பணத்தையும் உங்கள் மண்ணையும் காக்கும்.